மஞ்சள் கோட்டைத் தாண்டிப் புல்லில் நிறுத்தினால் டிக்கெட் வருமா?

இங்கிலாந்தில் கார் ஓட்டும் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் இது. ரோட்டோரம், நிறுத்தக் கூடாது என்று சொல்லும் இரட்டை மஞ்சள் கோடு. கோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே கொஞ்சம் புல்தரை. நாலு சக்கரத்தையும் புல்லில் ஏற்றி நிறுத்தியாயிற்று, கோட்டை ஒரு டயரும் தொடவில்லை. அப்படியும் டிக்கெட், அதாவது அபராத நோட்டீஸ், வருமா?

வரும். பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோட் இதில் மழுப்பவே இல்லை. மஞ்சள் கோட்டின் தடை வண்டி ஓடும் பாதைக்கு மட்டுமல்ல, நடைபாதைக்கும் புல் ஓரத்துக்கும் சேர்த்துத்தான் என்று அதில் எழுதியே இருக்கிறது. லண்டனில் பார்க்கிற சிவப்புக் கோடுகளுக்கும் இதே கதைதான்.

கோடு ஒரு வேலி, அதற்கு இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் விடுதலை என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. தடை பிறப்பது கோட்டில் இல்லை. சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், 1984-இன் கீழ் கவுன்சில் போடும் உத்தரவில்தான் பிறக்கிறது. 'இந்தத் தெருவில், இங்கிருந்து இதுவரை, இந்தப் பக்கம், இந்த நேரத்தில் நிறுத்தக் கூடாது' என்று உத்தரவு சொல்லும். அப்படி ஒன்று இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவிப்பது மட்டுமே பெயின்ட்டின் வேலை. தெருவின் நடுவிலிருந்து அந்தப் பக்கத்துப் பொதுச்சாலை எல்லை முடியும் வரை தடை நீளும். கோடு நின்ற இடத்தோடு தடையும் நின்றால், ஊரே புல்லில் ஏறி நின்றிருக்கும் என்பது வேறு விஷயம்.

அந்த எல்லை எது என்பதில்தான் உண்மையான வழக்கே இருக்கிறது. பெரும்பாலும் வீட்டு மதில், வேலி, புதர்வேலி இவற்றில் ஒன்றுதான் எல்லை. 'வீட்டு முன்னால் இருக்கும் புல்லை வாராவாரம் நான்தானே வெட்டுகிறேன்' என்பது பதிலாகாது. பத்திரத்தில் அந்த நிலம் உங்கள் பெயரிலேயே இருந்தாலும்கூட, மேற்பரப்பு பொதுச்சாலையாக இருக்கலாம். இங்கே நிலத்தின் உரிமை வேறு, அதன் மேல் பொதுமக்களுக்கு உள்ள வழியுரிமை வேறு. சந்தேகம் இருந்தால் கவுன்சிலின் நெடுஞ்சாலைப் பிரிவில் கேளுங்கள். பொதுச்செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலை அவர்கள் வைத்திருந்தாக வேண்டும். சாலை எல்லை எதுவரை என்ற வரைபடத்தையும் கேட்கலாம். அந்த எல்லைக்கு வெளியே, முழுக்கத் தனியார் நிலத்தில் கார் நின்றிருந்தால் மஞ்சள் கோடு அங்கே செல்லாது.

புல்லில் பெயின்ட் அடிக்க முடியாது, அதனால் அங்கே கோடு இல்லாதது ஒரு சாக்காகாது. இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்தில் பலகையும் தேவையில்லை, அது எந்நேரமும் தடை. ஒற்றைக் கோடு என்றால் நேரப் பலகையைத் தேடுங்கள். பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலமாக இருந்தால் அந்த நேரம் மண்டலத்தின் நுழைவிலேயே எழுதப்பட்டிருக்கும், தெருவுக்குத் தெரு இருக்காது.

எல்லாத் தடையும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே வேகச்சாலைகளில் நீல வட்டத்தில் சிவப்பு எக்ஸ் போட்ட, வண்டி நிற்கவே கூடாது என்று சொல்லும் கிளியர்வே பலகை பார்த்திருப்பீர்கள். அந்தத் தடை பொதுவாகப் பிரதான வண்டிப்பாதைக்குத்தான். புல் ஓரத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் துணைப்பலகை வைப்பார்கள். சாதாரண மஞ்சள் கோடு புல்லையும் பிடிக்கிறது, அதைவிடக் கண்டிப்பாகத் தெரியும் கிளியர்வே தானாகப் பிடிப்பதில்லை. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி.

சரி, கோடே இல்லாத தெருவில்? இங்கே லண்டனும் மற்ற ஊர்களும் பிரிந்துவிடுகின்றன. லண்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 15-ஆம் பிரிவுப்படி, கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடைபாதையிலும் புல் ஓரத்திலும் நிறுத்தக் கூடாது. ஒரு சக்கரம் ஏறினாலும் குற்றம்தான். நிறுத்தலாம் என்று கவுன்சில் பலகை வைத்த தெருக்கள் மட்டும் விலக்கு. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ கோவில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் புல்லில் நிறுத்துகிறார் என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

லண்டனுக்கு வெளியே அப்படி ஒரு பொதுத் தடை இங்கிலாந்தில் இருந்ததில்லை. அதற்காகச் சும்மா விடுவார்கள் என்று அர்த்தமில்லை. அந்த இடத்துக்கென்று தனி உத்தரவும் பலகையும் இருக்கலாம். வழியை மறித்தால் போலீஸ் வரலாம். லாரிக்காரர்களுக்கு எங்கேயும் தப்ப வழியில்லை: சுமையோடு சேர்த்து அதிகபட்ச எடை 7.5 டன்னைத் தாண்டும் வணிக வாகனத்தைப் புல் ஓரத்தில் நிறுத்துவது 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி நாடு முழுக்கக் குற்றம். உயிர் காக்க நிறுத்தியது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) வைத்திருப்பவர்கள், சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். ஆனால் லண்டனின் நடைபாதை, புல் ஓரத் தடையிலிருந்து அந்த பேட்ஜ் காப்பாற்றாது.

டிக்கெட் வந்துவிட்டால் முதலில் அது யார் கொடுத்தது என்று பாருங்கள். கவுன்சிலின் அபராத நோட்டீஸும், கடைவளாகத்திலோ பிளாட் வளாகத்திலோ தனியார் கம்பெனி ஒட்டும் கட்டண நோட்டீஸும் இரண்டுமே பி.சி.என். என்றுதான் அழைக்கப்படுகின்றன, சட்டவழி வேறு வேறு. கவுன்சில் நோட்டீஸில் குற்ற எண் இருக்கும். 01 என்றால் தடை நேரத்தில் தெருவில் நிறுத்தியது, அதாவது மஞ்சள் கோடு. 62 என்றால் வண்டிப்பாதைக்கு வெளியே சக்கரம் ஏறியது. எண்ணுக்கும் நடந்ததற்கும் பொருந்தவில்லை என்றால் அதையே வாதமாக வைக்கலாம்.

14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை. அதே 14 நாட்களுக்குள் மறுப்பு எழுதினால், அது நிராகரிக்கப்பட்டாலும் பாதித் தொகை வாய்ப்பைப் பெரும்பாலான கவுன்சில்கள் திரும்பத் தருகின்றன. கார் நின்ற இடம், மதில், கோடு மூன்றும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அப்புறம் உத்தரவின் நகலையும் சாலை எல்லை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். எதுவும் எடுபடவில்லை என்றால் உரிமையாளருக்கு வரும் நோட்டீஸுக்கு 28 நாட்களுக்குள் முறைப்படி பதில் எழுத வேண்டும். அதையும் நிராகரித்தால் தீர்ப்பாயம்: லண்டனுக்கு லண்டன் டிரிப்யூனல்ஸ், மற்ற ஊர்களுக்கு டிராபிக் பெனால்டி டிரிப்யூனல். முறையீட்டுக்கு அங்கே கட்டணம் கிடையாது.