மனச்சோர்வு: சொல்லும் நோயும்

மருத்துவத்தில் டிப்ரெஷன் எனப்படும் நோய்க்குத் தமிழ் மனச்சோர்வு. உளச்சோர்வு என்றும் எழுதுவர். கொழும்பில் பலர் இதை ‘மன அழுத்தம்’ என்கிறார்கள். அது ஸ்ட்ரெஸ்ஸுக்கு உரிய சொல்.

டிப்ரெஷனின் மூலம் ‘டெப்ரிமெரே’ என்ற லத்தீன் வினை. கீழே அழுத்துதல் என்று பொருள். அதே ஆங்கிலச் சொல் வானிலைக்கும் பொருளாதாரத்துக்கும் போகிறது. நமக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை: வானிலை அறிக்கையில் தாழமுக்கம், பொருளாதாரத்தில் பெருமந்தம், மருத்துவத்தில் மனச்சோர்வு. பழைய ஐரோப்பிய மருத்துவம் இதை மெலன்கோலியா என்றது. கிரேக்கத்தில் அது கரும்பித்தம். அந்தப் பித்தம் மிஞ்சினால் மனம் இருளும் என்று நம்பினார்கள்.

‘சோர்’ என்ற வினைக்குத் தளர்தல், வாடுதல், நழுவுதல் எனப் பல பொருள். ‘சோர்விலாள் பெண்’ என்ற குறளில் (56) சோர்வு என்பது கடமையில் தளர்தல். அந்தக் குற்றஞ்சாட்டும் சாயல் இன்னும் போகவில்லை. சோர்வு என்றதும் வீட்டார் சோம்பல் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அதனால் ‘மனச்சோர்வு நோய்’ என்று முழுதாகச் சொல்வதே நல்லது.

சோதனை, கடன், வேலைத்தலத்துத் தொல்லை ஆகியவற்றால் வரும் மன அழுத்தம் காரணம் நீங்கினால் பெரும்பாலும் தணியும். மனச்சோர்வு காரணம் நீங்கியும் நிற்கும். வெளிக்காரணம் இல்லாமலும் வரும். மருத்துவர்கள் பார்க்கும் அளவு இது: மனம் தாழ்ந்திருத்தல், எதிலும் நாட்டமின்மை, இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு நித்திரை, பசி அல்லது நிறையில் மாற்றம், களைப்பு, கவனக்குறைவு, தன்னைத் தானே குற்றவாளியாக்கல், உடலியக்கம் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமை, சாகும் எண்ணம். இந்த ஒன்பதில் ஐந்து, 2 வாரமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே தோற்றம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, வளர்ந்தோரில் 100க்கு 5 முதல் 6 பேருக்கு இது உண்டு. வெள்ளவத்தையில் 100 பெரியவர்கள் குடியிருக்கும் ஒரு தொடர்மாடியில் அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் ஐந்தாறு பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்ற தாய்மாரிலும் 10 வீதத்துக்கு மேல். அந்தத் தாயை ‘பிள்ளையில் பாசமில்லாதவள்’ என்று ஏசுவது பெரும் அநியாயம். ஆண்களில் கோபமாகவும் குடியாகவும் வெளிப்பட்டு மறைந்துபோகும். முதியவர்களில் மறதிபோலத் தெரியும். நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கு இது வரும் ஆபத்து அதிகம்.

நம்மவர் வெளிநோயாளர் பிரிவில் ‘தலையிடி, நித்திரை இல்லை, நெஞ்சு பாரம், யோசனை கூடிப்போச்சு’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் வலிக்குளிசை எழுதுவார். நோய் அப்படியே கிடக்கும். எத்தனை வாரமாக, எதில் நாட்டம் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனநோய் வைத்தியசாலைக்குப் பேர்போன அங்கொடையின் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்ட நகரம் கொழும்பு. அந்த வெட்கம்தான் பலரைத் தாமதிக்க வைக்கிறது. அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். சாகும் எண்ணம் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்க வேண்டும்.

இலேசான நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமாகலாம். கடுமையானால் குளிசையும் வேண்டும். அது வேலை செய்ய 2 முதல் 4 வாரம் எடுக்கும். வயிற்றுக் குமட்டல் முதல் வாரத்திலேயே வரும். பலர் அந்த இடைவெளியில்தான் ‘இது சரிவராது’ என்று விடுகிறார்கள். சுகம் கண்ட பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதானால் மருத்துவர் சொற்படி படிப்படியாக.