பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் 22 மைல் போன கதை

மின்சாரம் எட்டாத காலத்தில் செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலங்களுக்குப் பெட்ரோமாக்ஸ்தான் வெளிச்சம். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வைத்தால் பந்தி முழுக்கப் பளிச்சென்று தெரியும்; தெருமுனையில் மங்கிவிடும். ஆனால் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில், ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தில் எரிந்த அதே வகை மண்ணெண்ணெய் விளக்கு 22 மைல் தொலைவுக்குத் தெரிந்தது.

அந்த ஏரி ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டத்தைப்போல் கிட்டத்தட்ட 20 மடங்கு! 1905 நவம்பர் புயலில் அங்கே ஏராளமான கப்பல்கள் சிதைந்தன. அதனால் 130 அடிப் பாறைமேல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் 1910-இல் ஏற்றப்பட்டது.

எண்ணெய்த் தொட்டியில் காற்றை அடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகி, ஊசித்துளை வழியே சீறி, காற்றோடு கலந்து மேண்டில் என்ற வலைப்பையில் எரியும். குழாய் போதிய அளவு சூடேறும் முன் திறந்துவிட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே வரும். மஞ்சள் தீ எழும்பிக் கரி படியும். எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் கூடு, விரல் பட்டாலே உதிரும்.

வித்தை முழுக்கக் கண்ணாடியில் இருக்கிறது. நம் முகப்புச் சரவிளக்கின் பட்டைக் கண்ணாடிகள் ஒளியைச் சிதறடிக்கும். பிரெஞ்சுக்காரர் பிரெனெல் 1822-இல் வகுத்த அமைப்போ சிதறுவதைச் சேர்க்கும். நடுவில் குவி லென்ஸ், சுற்றிலும் வளையம் வளையமாகப் பட்டகங்கள் (ப்ரிஸம்). மேலும் கீழும் வீணாகும் ஒளியை அவை மடக்கி அடிவானத்தை நோக்கித் திருப்பும். ஒரே தடித்த லென்ஸாக வார்த்தால் எடையும் தாங்காது, கண்ணாடியே ஒளியைத் தின்றுவிடும்.

ஸ்பிளிட் ராக்குக்காகப் பாரிஸில் செய்த லென்ஸுக்கு முகம் இரண்டு. 20 விநாடிக்கு ஒரு சுற்று. ஆகவே கப்பலுக்கு 10 விநாடிக்கு ஒரு மின்னல். அந்த இடைவெளிதான் கலங்கரை விளக்கத்தின் அடையாளம். சுழற்சி தளர்ந்தால் மாலுமி வேறு கரையென்று நினைத்துவிடுவார். அதற்காகவே லென்ஸைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள்; உராய்வு குறைந்து, அவ்வளவு கனமும் லேசாகத் திரும்பும். கிணற்று வாளிபோல் கோபுரத்துக்குள் இறங்கும் எடைக்கல் அதைச் சுழற்றும். காவலர் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும். பகலிலும் வேலை உண்டு: லென்ஸைத் துடைத்துத் திரையை மூட வேண்டும். திறந்திருந்தால் வெயில் உள்நோக்கிக் குவிந்து விளக்கையே பொசுக்கும்.

1940-இல் 1,000 வாட் பல்பு வந்து மேண்டிலின் வேலை முடிந்தது. கண்ணாடியை மாற்றவில்லை, 1969-இல் பணி ஓயும்வரை அதே லென்ஸ்தான் ஒளியை ஏரிக்கு அனுப்பியது.