ஏடிவி செயினில் அந்தத் தளர்வு எதற்கு?

கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டியான ஏடிவியின் பின்பக்கம் குனிந்து, செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் ஒரு விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஏறும்; கையை எடுத்தால் இறங்கும். பழக்கமில்லாதவருக்கு உடனே ஸ்பானரை எடுத்து இறுக்கிவிடத் தோன்றும். சுழலும் தண்டுகளைத் தாங்கும் பல பேரிங்குகளின் ஆயுள் அங்கேதான் பாதியாகிறது. அந்தத் தளர்வு வண்டியைச் செய்தவர்கள் கணக்குப் போட்டு விட்ட இடம்.

பின் அச்சைத் தாங்குவது ஸ்விங் ஆர்ம். அது சட்டகத்தோடு கீல் போல இணைந்து மேலும் கீழும் ஆடுகிறது. இஞ்சினிலிருந்து வரும் சிறிய பற்சக்கரமோ அந்தக் கீலின் மையத்தில் இல்லை, சற்று முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் மையம் வேறு என்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் முன் பற்சக்கரத்துக்கும் பின் பற்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. முன் பற்சக்கரம், கீல், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும். செயின் விறைத்து நிற்பதும் அப்போதுதான். ஆள் ஏறாமல் நிற்கும் வண்டியில் அச்சு அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது வழக்கம். அந்த நிலையில் தளர்வே இல்லாமல் முறுக்கி வைத்தால், முதல் மேட்டில் சக்கரம் எழும்பும்போது செயினுக்கு நீள வழியில்லை. இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கிலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலிலும் விழுகிறது.

அதிகத் தளர்வும் ஆபத்துதான். செயின் ஸ்விங் ஆர்மில் அடிக்கும், பல் தாவும். கழன்று முன் பற்சக்கரத்தில் சுருண்டால் இஞ்சின் உறையையே உடைத்துவிடும்.

பல வண்டிகளின் கையேடு 25 முதல் 40 மி.மீ. வரையிலான ஏதோ ஓர் அளவைச் சொல்கிறது. எந்த நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அதையே பின்பற்றுங்கள். இங்கே என்னை எப்போதும் வியக்கவைப்பது ஒரு சின்னக் கணக்கு. செயினின் கீழ்ப்பகுதி 500 மி.மீ. என்று கொள்வோம். நடுவில் மேலே 15, கீழே 15 என மொத்தம் 30 மி.மீ. ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்குத் தேவையான கூடுதல் நீளம் வெறும் 0.9 மி.மீ.! அச்சைப் பின்னால் நகர்த்தினால் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டும் சேர்ந்து நீள்வதால், அரை மி.மீ. நகர்வுகூட இல்லாமல் தளர்வு முழுவதும் காணாமல் போய்விடும். ஆகவே கொஞ்சம் திருப்பி, அளந்து, மறுபடி கொஞ்சம் திருப்புவதே சரியான முறை.

செயின் நாளாக ஆக நீள்வது ஏன்? இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய அமைப்பில், ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி ஒரு குழலுக்குள் திரும்புகிறது. தேய்வது அந்த இரண்டும்தான். 96 மூட்டுகளில் ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 4.8 மி.மீ. கூடிவிடும். அச்சை நகர்த்தித் தளர்வைச் சரிசெய்யலாம். மூட்டுகளின் இடைவெளி பல்லோடு பொருந்தாமல் போனதைச் சரிசெய்ய முடியாது. பின் பற்சக்கரத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் அந்தச் செயின் முடிந்தது.

தேய்மானம் எல்லா மூட்டுகளிலும் ஒரே அளவில் இருக்காது. இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை உருட்டி, பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே அளவை முடிவுசெய்யுங்கள். பல விளையாட்டு வகை ஏடிவிகளில் அச்சைத் தாங்கும் உருளை மையம் விலகிய துளை கொண்டது. பிடிப்பு போல்ட்டுகளைத் தளர்த்தி உருளையைச் சுழற்றினால் அச்சு முன்னோ பின்னோ நகரும். ஒரே அச்சு, ஒரே உருளை என்பதால் இடம் வலம் கோணிக்கொள்ளும் கவலை இல்லை. போல்ட்டுகளை முடுக்கும்போது அளவு சற்று மாறக்கூடும். மறுபடி அளக்காமல் எழுந்துவிடாதீர்கள்.

சேற்றில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பற்களின் இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் செயின் உயர்ந்து உட்கார்ந்து, தானாகவே இறுகிவிடும். கையேடு ஒரு வரம்பைச் சொன்னால், அதற்குள் தளர்ந்த பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.