காலியாக நிற்கும் இயந்திரம் எப்படி வேகம் தருகிறது?

மதியம் ஒரு மணிக்கு, மலேசியாவின் பினாங்கில் கூட்டம் நெரியும் ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை வாசலில் போய் நின்று பாருங்கள். வரிசையில் 20 பேர். நிமிடத்துக்கு 2 பேர் தட்டோடு நகர்கிறார்கள். உங்கள் கைக்குத் தட்டு வரப் பத்து நிமிடம் ஆகும். அதில் சோறும் குழம்பும் விழும் நேரம் அரை நிமிடம். மீதியெல்லாம் நின்ற நேரம். அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் இந்தக் கணக்கைப் பொது விதியாகவே நிறுவிக் காட்டினார்: உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையை, முடிந்து வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரித் தாமதம் கிடைத்துவிடும்.

1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்துவந்த, பினாங்கின் பாயான் லெப்பாஸில்தான் நான் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் கையில் ஒரே நேரத்தில் 12 வேலைகள் இருக்கும். வாரத்துக்கு 2 முடியும். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம். கையில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வாசலிலேயே நிறுத்தியிருந்தால், எடுத்த வேலை இரண்டு வாரத்தில் வெளியே போயிருக்கும். அதற்காக யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்க வேண்டியிருந்திருக்காது.

தாமதத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. குளிர்பதனக் கிடங்கின் வெப்பத்தை அளந்து அனுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மென்பொருள் எழுதியவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன தகவலை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி மாற்றினார். வாடிக்கையாளருக்கு நல்லதுதானே! பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. பேட்டரி பார்த்தவர் சற்றுத் தடித்த பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார். மூடி மூன்று மில்லிமீட்டர் இடித்தது. மூடியை வார்க்கும் எஃகு அச்சு, அதாவது மோல்டு, அதற்குள் வெட்டி முடிந்திருந்தது. புது மோல்டுக்கு ஐந்து வாரம். அவரவர் மூலையில் அவரவர் செய்தது சரி. ஐந்து வாரத்தைத் தின்றது அந்த மூலைகளுக்கு நடுவே இருந்த, யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி.

அமைப்புச் சிந்தனை என்பது அந்த இடைவெளியை முதலில் பார்ப்பதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலைகளில் ஆட்களின் எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்று ஆராய்ந்தார். வெளிச்சந்தையின் மேல் பழி போட்டிருந்த இடத்தில், ஆலைக்குள் எடுக்கப்படும் முடிவுகளும் அவற்றின் தாமதங்களும் சேர்ந்தே அந்த அலையை எழுப்புகின்றன என்று காட்டினார்.

வடிவமைப்பில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு கட்டம் போதும். டொனால்ட் ஸ்டூவர்ட் 1981இல் விளக்கிய முறை அது. வேலைகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். அதே வரிசையில் இடமிருந்து வலமாகவும் எழுதுங்கள். மூடிக்கு பேட்டரியின் தடிமன் தெரிய வேண்டும் என்றால், மூடியின் வரிசையும் பேட்டரியின் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் வைத்தபின், மூலைவிட்டத்துக்குக் கீழே அவை சேரும்படி வேலைகளை இடம் மாற்றிப் பாருங்கள். கீழே இருக்கும் புள்ளி என்றால், தேவையான தகவல் முந்தைய வேலையிலேயே கிடைத்துவிடும். எப்படி மாற்றினாலும் சில புள்ளிகள் மேலேயே நிற்கும். அவைதான் சுழல்கள்: ஒன்று மற்றொன்றுக்காகவும், மற்றொன்று அதற்காகவும் காத்திருப்பவை. எங்கள் கருவியில் அனுப்பும் இடைவெளி, பேட்டரி, மூடி மூன்றும் அப்படி ஒரே சுழலில் கிடந்தன. அந்த மூவரையும் முதல் நாளிலேயே ஒரே மேசையில் உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தடிமன் என்று பங்கு பிரித்திருந்தால் மோல்டு ஒருமுறைதான் வெட்டப்பட்டிருக்கும்.

என் மனத்தில் அதிகம் பதிந்தது, கருவிகளை உள்ளே வைத்து வெப்பத்தில் சோதிக்கும் வெப்பச் சோதனைப் பெட்டி. அது ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை என்பதில் எங்கள் மேலாளருக்குப் பெருமை. ஆனால் வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத இடத்தில் வரிசைக் கணக்கு இரக்கமற்றது. ஒரு சோதனைக்குச் சராசரி 4 மணி நேரம் என்று வையுங்கள். எளிய மாதிரியில், பெட்டி 80 விழுக்காடு நேரம் ஓடினால் அதற்கு முன் காத்திருப்பு 16 மணி. 90 விழுக்காட்டில் 36 மணி. 95 விழுக்காட்டில் 76 மணி, அதாவது மூன்று நாளுக்கு மேல். கடைசி ஐந்து விழுக்காட்டு உழைப்பைப் பிழிந்தெடுக்க, காத்திருப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறோம். அந்த மூன்று நாளில் வடிவமைப்பாளர் சும்மா இருப்பதில்லை; வேறொரு வேலையைத் தொடங்குகிறார். கையில் இருப்பவை கூடுகின்றன. நாசி கண்டார் வரிசை இன்னும் நீள்கிறது.

பின்னாளில் அந்தப் பெட்டிக்கான முன்பதிவுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு புதன்கிழமை பிற்பகல். மென்பொருள் பிரிவுத் தங்கை, கம்பிகள் தொங்கும் அரைகுறை போர்டு ஒன்றைக் கையில் ஏந்தி வந்தாள்.

"அண்ணா, பெட்டி காலியாக இருக்கிறதா?"

இருந்தது. மாலை ஆறு மணிக்குள், மூடி வரைபடம் அனுப்பப்படுவதற்கு முன்பே, தன் போர்டு எந்த இடத்தில் சூடாகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.