டிக்கெட்டில் இருக்கும் மணியைக் கழித்துப் பார்க்காதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஜனவரியில் அம்மாவுக்கு சான் பிரான்சிஸ்கோ டிக்கெட். தங்கைக்கு அங்கே பிரசவம், அம்மா தனியாகப் போகிறார். "விடியக்காலை 3.45க்கு ஏறுனா அன்னைக்கே சாயந்திரம் 4.15க்கு இறங்கிடுறாங்க. பன்னிரண்டரை மணி நேரம்தானே சார், இன்சுலினைப் பெரிய பெட்டியிலேயே வச்சிடுறோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது 26 மணி நேரப் பயணம்.

தண்டையார்பேட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்தக் கழித்தல் கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புறப்படும் நேரம் நம் ஊர் மணி, இறங்கும் நேரம் அந்த ஊர் மணி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. துபாயையும் சிங்கப்பூரையும் பாருங்கள். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. சென்னையிலிருந்து இரண்டும் ஏறத்தாழ 2,900 கி.மீ. இரண்டுக்குமே சுமார் 4 மணி நேரம்தான். காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் இறங்கும்போது அங்கே பகல் 12.30, சிங்கப்பூரில் மாலை 4.30. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அவ்வளவுதான். துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்று இன்னமும் என்னிடம் வாதாடுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ ஜனவரியில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அந்தப் பன்னிரண்டரையோடு இதையும் கூட்ட வேண்டும்.

இன்னும் சிலர் நெட்டில் தூரம் பார்த்துவிட்டு வருவார்கள். 14 ஆயிரம் கி.மீ., மணிக்கு 900, அப்படியென்றால் 16 மணி நேரம் என்பார்கள். அது நேர்த்தூரம். துபாய் வழியாகப் போனால் 16 ஆயிரம் ஆகிவிடும். முதல் விமானம் 4 மணி நேரம், அடுத்தது 16, நடுவில் காத்திருப்பது 6.

டிக்கெட்டில் 'டூரேஷன்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள். 10ஆம் தேதி 3.45 என்றால் 9ஆம் தேதி ராத்திரியே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தேதி மாறி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ விமான நிலையத்துக்கே போகிறது, ஆனால் விடிய விடிய ஓடாது. காரில் போனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும், அதற்கும் நேரம் வையுங்கள்.

இன்சுலின் மட்டும் தயவுசெய்து கைப்பையில் இருக்கட்டும், டாக்டர் சீட்டோடு. அந்தப் பெட்டி உங்கள் கைக்குத் திரும்பி வருவது சான் பிரான்சிஸ்கோவில்தான். சரக்கறைக் குளிரில் மருந்து உறைந்தும் போகலாம்.

அந்தத் தம்பியிடம் டிக்கெட்டின் பின்பக்கம் '26 மணி நேரம்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஊசி எப்போது போடுவது என்று அம்மாவின் சர்க்கரை டாக்டரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள் என்றேன். மறுநாளே போவதாகச் சொன்னார்.