பாட்டு வரவில்லை என்று எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாதீர்கள்

வீட்டில் ஒரு சின்னக் கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ நேவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளை நிறுவி, ஆண்டுக்கணக்கில் சேர்த்த பாட்டுகளை அதில் ஏற்றி வைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். வீட்டு இணைய இணைப்புகளைச் சரிசெய்வது என் தொழில். அவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டு வைஃபையில் பாடுகிறது, வாசலைத் தாண்டினால் பாடுவதில்லை. என்னை அழைப்பதற்கு முன் அவர்களே செய்து பார்த்த வைத்தியங்கள்தான் எனக்குப் பெரிய கவலை.

வீட்டுக்குள் பாடுகிறதென்றால் சர்வர் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. அதை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை. சோதிக்கும் இடமும் முக்கியம். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைத் திறந்து பார்த்தால், சில ரவுட்டர்களுக்கு அந்தக் கோரிக்கையை மறுபடி உள்ளே திருப்பத் தெரியாது. வெளியூரில் இருப்பவருக்குப் பாட்டு கேட்கும், உங்களுக்கு மட்டும் பிழை காட்டும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? ரவுட்டரின் பக்கத்தில் இணைய இணைப்புக்கு என்ன ஐபி முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றில் தெரிவதோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பிரச்சினை உங்கள் வீட்டிலேயே இல்லை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துவரும் நிலையில், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் 4533 போர்ட்டை, அதாவது நேவிட்ரோமுக்கான வாசலை, எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

இது தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஒரு போர்ட்டைத் திறக்கிறார்கள். வேலை செய்யாததால் சர்வரை டிஎம்இசட்டில் போடுகிறார்கள், அதாவது வெளியிலிருந்து வரும் எல்லாமே அந்தக் கணினிக்குப் போகட்டும் என்கிறார்கள். பிறகு, வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைக்கிறார்கள். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மாற்றியதை யாரும் பழையபடி வைப்பதில்லை. நிறுவனத்தின் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருக்கும்வரை அந்த அமைப்புகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டில் கேமராவுக்காக நிலையான ஐபி முகவரி வாங்கியிருந்தார்கள். பாட்டு சர்வருக்காக எப்போதோ போட்ட டிஎம்இசட் அன்றே விழித்துக்கொண்டது. அதே கணினியில் குடும்பப் படங்களும் ஆதார் நகல்களும் கடவுச்சொல் இல்லாமல் பகிரப்பட்டிருந்தன. பதிவேட்டைத் திறந்தபோது, எங்கெங்கிருந்தோ யார் யாரோ உள்நுழைய முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. “எங்கள் பாட்டுப் பெட்டியை யார் சார் தேடப் போகிறார்கள்?” என்றார் வீட்டுக்காரர். யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. 2013-இல் வெளியான ஸீமேப் என்ற கருவியே, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 உலகம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும்.

பாட்டு, படம் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு கடவுச்சொற்களைச் சேமித்துக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-இல் நடந்ததைச் சொல்வேன். அங்கே ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினியில் புதுப்பிக்கப்படாமல் கிடந்த மீடியா மென்பொருள் வழியாகத்தான் திருடர்கள் நுழைந்தார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020-லேயே வந்துவிட்டிருந்தது.

நான் பெரும்பாலும் அமைத்துத் தருவது டெயில்ஸ்கேல், உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் ஒரு தனி வலை. சர்வர், போன் இரண்டும் உள்ளிருந்து வெளியே தொடர்புகொண்டு சேர்வதால், ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். பகிர்வு முகவரியும் தடையாகாது. நேரடி வழி கிடைக்காதபோது இடைநிலை சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும். பாட்டுக்கு அது போதும். தரம் குறையாத பெரிய ஃபிளாக் கோப்புகள் திணறினால், ஓபஸ் என்ற சிறிய வடிவத்தில் 128 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றி அனுப்பும்படி நேவிட்ரோமிலேயே அமைக்கலாம்.

நிலையான முகவரி இருந்து, போர்ட்டைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்காதீர்கள். நேவிட்ரோமில் பாட்டு கேட்கப் போனில் போடும் பழைய சப்சோனிக் வகைச் செயலிகள் சில, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புபவை. சர்வருக்கு ரவுட்டரில் மாறாத உள் முகவரி ஒன்றையும் ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு அதன் முகவரி வேறு கருவிக்குப் போய், நீங்கள் திறந்த போர்ட் அந்தக் கருவியைக் காட்டிக்கொண்டிருக்கும். நேவிட்ரோமைப் புதிதாக நிறுவியதும் நிர்வாகிக் கணக்கை உருவாக்கிய பிறகே வெளியே திறக்க வேண்டும். முதலில் அந்தப் பக்கத்துக்கு வருபவர் யாரோ, அவரையே அது நிர்வாகியாக்கும்.