முதல் நாவலா? முதலில் கடைசி அத்தியாயம் வரை போய்ச் சேருங்கள்

காட்பாடியில் பல வருஷமாகப் பிரதி திருத்தும் வேலை பார்க்கிறேன். மெய்ப்பு பார்ப்பது, நாவலாக இருந்தால் எங்கே இழுக்கிறது, எங்கே அவசரமாக ஓடுகிறது என்று எழுதியவரிடம் உட்கார்ந்து பேசுவது, இதுதான் தொழில். வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ஆரணிப் பக்கத்திலிருந்து முதல் நாவலோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கையில் வைத்திருப்பது மூன்று அத்தியாயம்தான். அந்த மூன்றும் இழைத்து இழைத்து அருமையாக இருக்கும். நான்காவது எங்கே என்று கேட்டால், "ஆரம்பத்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் மேல போலாம்னு இருக்கேன் அண்ணா" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பகீரென்று இருக்கும், ஏனென்றால் இப்படிச் சொன்ன பல பேருடைய நாவல் அங்கேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பம் சரியாக இருக்கிறதா என்று முடிவு தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதாவது, பத்தாவது அத்தியாயம் எழுதும்போதுதான் உங்கள் கதையின் முக்கிய ஆள் யார், எதற்குப் பயப்படுகிறார், எங்கே பொய் சொல்வார் என்பதெல்லாம் உங்களுக்கே பிடிபடும். அதற்கப்புறம் முதல் அத்தியாயத்தை எப்படியும் மாற்றி எழுதத்தான் போகிறீர்கள். அதை இப்போதே மெருகேற்றி என்ன பயன்?

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்த அப்பாவைப் பற்றிய நாவல். முதல் அத்தியாயம் முழுக்கப் பாலாறு, மணல், ஊர்ச் சரித்திரம். நல்ல தமிழ்தான், ஆனால் எத்தனை பக்கம் புரட்டினாலும் அப்பாவைக் காணோம். பேச்சுவாக்கில் அவரே ஒன்று சொன்னார்: அப்பா வேலை விட்டு வந்ததும் நேராக வீட்டுக்குள் வரமாட்டார், பின்பக்கம் போய்ச் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், சுண்ணாம்புக் குழியில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும், அந்தக் கையால் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டமாட்டார், கரண்டியால்தான் போடுவார். இது எந்த அத்தியாயம் என்றேன். "பதினொண்ணுல வரும்ணா, அங்க இன்னும் போகல" என்றார். இன்றைக்கு ராத்திரியே அதை எழுதுங்கள், நடுவில் இருப்பதெல்லாம் காத்திருக்கட்டும் என்றேன். எழுதினார். அந்த இடத்திலிருந்து முன்னும் பின்னுமாக நாவல் வளர்ந்து முடிந்தது, பாலாறு கடைசியில் இரண்டு பத்தியாகச் சுருங்கி உள்ளே போய் உட்கார்ந்தது. உங்களைத் தூங்கவிடாத காட்சி எதுவோ அதை முதலில் எழுதிவிடுங்கள், வரிசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு ஒன்றும் மலைப்பானது இல்லை. நாவல்கள் வழக்கமாக வரும் டெமி அளவு புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220, 230 சொல் வரும், அப்படியானால் 200 பக்க நாவல் ஏறக்குறைய 45,000 சொல். தினம் 300 சொல் எழுதினால் ஐந்து மாதம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகை, வீட்டில் உடம்பு சரியில்லாத நாள், அக்னி நட்சத்திர வெயிலில் எதுவும் ஓடாத நாள், எல்லாம் கழித்தாலும் ஏழெட்டு மாதத்தில் முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது நடக்கிற காரியம்தான்.

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள், அதற்கு மேலே போகாதீர்கள், போனால் திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் செல்வி, ஆறாவதில் கலை என்று பேர் மாறிவிட்டதா? தனி நோட்டில் குறித்துவிட்டு மேலே போங்கள். அப்புறம், யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், டிடிபி கடையில் கொடுத்தாலும் அதையே கேளுங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து இடம் மாறி நிற்கும், பிறகு பக்கம் பக்கமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எண்பது, நூறு பக்கத்தில் ஒரு தேக்கம் வரும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது. வார்த்தை வற்றிவிட்டது என்று நினைத்து இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் வற்றுவது வார்த்தை இல்லை, கதையின் முக்கிய ஆளுக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார் என்பதை இன்னும் முடிவு செய்திருக்கமாட்டார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் என்பது சூழல்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே தறியை மகன் விற்கப் பார்க்கிறான், அம்மா விடமாட்டேன் என்கிறாள் என்றால் அடுத்த ஐம்பது பக்கத்துக்கு வழி கிடைத்துவிடும். அவர்கள் பேசுவதும் இந்த ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். "வந்துனு இருக்கான்" என்று சொல்கிற ஊர்க்காரரை எதற்குச் சினிமா மதுரைத் தமிழில் பேச வைக்கிறீர்கள்?

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. நாவல் பாதியில் நிற்கும்போதே அட்டைப்படம், வெளியீட்டு விழா, பணம் கட்டினால் புத்தகம் என்று கிளம்பிவிடுகிறார்கள். தங்க நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டு, அந்த அவசரத்தில் கடைசி ஐந்து அத்தியாயத்தை ஒரே வாரத்தில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், வாங்கித் தருகிறோம் என்று அதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகத்தான் தருகிறது, எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமையும் அப்படியே. எழுதி வைத்ததுமே அது உங்களுடையது, பதிவு செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் இருக்கும்.

ஒப்பந்தம் வந்தால் நிதானமாகப் படியுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று அர்த்தம். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது தானாகவே காலாவதியாகிவிடும். அதனால் "எல்லா உரிமையும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பிரதி கையில் இருக்கிறவர் இதையெல்லாம் தைரியமாகக் கேட்கலாம், ஒத்துவராவிட்டால் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். மூன்று அத்தியாயத்தோடு முன்பணமும் கட்டிவிட்டவரால் அது முடியாது.